பிஸ்டன் பின்வாங்கும் படலம்

மோட்டார் வண்டி வாங்குகிறவர்கள் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று விசாரிப்பதுண்டு. எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று விசாரிப்பவர்கள் மிகவும் அபூர்வம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் இரண்டாவது கேள்வியின் அருமை தெரியவரும். அச்சமயத்தில் வண்டியிலுள்ள அனைவருடைய உயிரையும் காப்பது, உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய சில பிரேக் பேடுகளே.

தேய்ந்த பேடுகளைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டுவது பிரம்ம வித்தை அன்று. கைத்திறனும் பொறுமையும் உள்ளவர்கள் வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறார்கள். ஆனால் அவ்வேலையின் நடுவே ஒரு சிறு கட்டம் உண்டு. காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். அநேக விபரீதங்கள் அங்கேதான் பிறக்கின்றன. ஆதலின் இவ்வாரம் அதைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம்.

பிஸ்டன் ஏன் முன்னே வந்து நிற்கிறது? மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்னார். திரவ பிரேக்குக்கு ஆதாரம் அந்த விதியே. மிதியை அழுத்தினால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது. பேடு சுழலும் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிறது. காலை எடுத்ததும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பி, அதை மயிரிழை தூரம் உள்ளே இழுக்கிறது. பேடு தேயத் தேயப் பிஸ்டனும் சிறிது சிறிதாக முன்னேறி நின்றுவிடும். கனமான புதுப் பேடுக்கு இடம் வேண்டுமானால் அது வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

முன்சக்கரத்திலிருந்து தொடங்குவோம். சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான தாங்கியின் மேல் இறக்கி வைக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைப்பது விவேகமன்று. கழற்றிய காலிப்பரை ரப்பர் ஹோஸிலே தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்கவேண்டும். பிரேக்கில் படிந்த தூசியை வாயால் ஊதலாகாது. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே மார்புக்கு நல்லது.

பிறகு பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் பாத்திரத்தைப் பாருங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது அதன் பின்னாலுள்ள ஆயில் அங்கேதான் திரும்பி வரும். பேடு தேய்ந்த காலத்தில், ஆயில் குறைந்திருக்கிறதே என்று யாராவது புண்ணியவான் நிரப்பி வைத்திருந்தால், இப்போது அது பொங்கி வழியும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் வண்டியின் வர்ணம் உரிந்து போகும். எனவே சிறிதளவைச் சுத்தமான ஊசிக்குழாயால் முன்னதாகவே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். எடுத்ததை மறுபடி ஊற்ற வேண்டாம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது பிரேக் ஆயிலின் சுபாவம். ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை தாழ்ந்துவிடும். டாட் 4 என்னும் ரகம் புதிதாயிருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கவேண்டும் என்பது விதி; ஈரம் ஏறிய பின்போ அந்த அளவு 155 டிகிரிதான்.

இப்போது பிஸ்டனுக்கு வருவோம். திருப்புளியைச் செருகி நெம்புவது பலருடைய வழக்கம். அதனால் தூசி புகாமல் காக்கும் ரப்பர் உறை கிழியும். பிஸ்டனில் கீறல் விழும். பின்னர் அவ்வழியே துருவும் கசிவும் வரும். தச்சர்களிடம் ஸி கிளாம்பு என்று வளைந்த இரும்புப் பிடி ஒன்று இருக்கும். கழற்றிய பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, அதன்மேல் அந்தப் பிடியைப் பூட்டி, கோணாமல், மெல்ல மெல்ல முறுக்குங்கள். அவசரம் ஆகாது. இந்த வேளையில் ஒருவரும் பிரேக் மிதியில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும்.

முறுக்கியும் அசையவில்லையா? பலத்தைக் கூட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். காலிப்பரில் ஏர் எடுக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தியதும் பிஸ்டன் சுலபமாக நகர்ந்தால், ஹோஸின் உட்புறம் அடைத்திருக்கலாம். அப்போதும் நகராவிட்டால் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம். இரண்டும் பட்டறைக்குப் போகவேண்டிய நோய்களே. தளர்த்திய திருகைப் பிடியை எடுக்கும் முன்பே மூடிவிடவேண்டும்; இல்லாவிடில் காற்று உள்ளே புகும்.

பின்சக்கரங்களில் டிஸ்க் உள்ள வண்டிகளுக்கு வேறு நியாயம். அவற்றில் பலவற்றில் கைபிரேக் பிஸ்டனுக்குள்ளேயே மரையாக அமைந்திருக்கும். அதைக் கைபிரேக்கை விடுவித்தபின், அதற்குரிய கருவியால் அழுத்திக்கொண்டே திருகி உள்ளே அனுப்பவேண்டும். வெறுமனே அமுக்கினால் மரை கெடும். பித்தானை அழுத்தினால் பிடிக்கும் மின்சாரக் கைபிரேக்காயின், வண்டியின் கைப்புத்தகத்தில் சொல்லியபடி அதை முதலில் பராமரிப்பு நிலையில் வைத்தாக வேண்டும். பலாத்காரம் செய்தால் உள்ளிருக்கும் மோட்டாரும் பற்சக்கரமும் பாழாகும்.

எல்லாம் பூட்டியாயிற்று, சக்கரமும் மாட்டியாயிற்று. ஓட்டிப் பார்க்கும் ஆசை எழுவது சகஜம். சற்றுப் பொறுங்கள். பிஸ்டன் இன்னும் பேடைத் தொடாமல் உள்ளே ஒடுங்கியிருக்கிறது. இந்த நிலையில் கிளம்பினால் முதல் மிதி தரை வரை போகும்; வண்டியோ நிற்காது. நின்ற இடத்திலேயே மிதியைப் பல தடவை நிதானமாக அழுத்தி, அது கெட்டியாகக் காலுக்கு எதிர்த்து நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பாத்திரத்தில் ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். மிதி பஞ்சுபோல் அமுங்கினாலும், எங்கேனும் ஒரு சொட்டு ஈரம் தென்பட்டாலும், வண்டியைத் தெருவில் இறக்கவே வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. மலைப்பாதையில் கடவுளை அழைப்பதைவிட அது செலவு குறைந்த காரியம்.