அமானிதத்தை விற்றவர்கள்

தொழுகை நேரமும் கிப்லாவின் திசையும் அறியவே மக்கள் ‘முஸ்லிம் ப்ரோ’ செயலிக்குத் தம் இருப்பிடத்தைக் காட்டினர். அத்தகவல் எக்ஸ்-மோட் என்னும் அமெரிக்கத் தரகு நிறுவனத்துக்குப் போயிற்று. அதன் வாடிக்கையாளருள் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர் என்பது 2020 நவம்பரில் அம்பலமாயிற்று. இராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என மறுத்த செயலியார், தரகு நிறுவனத்துடன் உறவை முறித்துக்கொண்டனர்.

நேரே விற்கவில்லையாம்! அமானிதமாக வைத்த நகையை உடையவரின் அனுமதியின்றிப் பிறன் கையில் கொடுத்தவன் அதற்கு ஈடு கட்டவேண்டும் என்பதே ஃபிக்ஹின் தீர்ப்பு. அப்பால் அது யாரிடம் போயிற்றோ நானறியேன் என்பது அங்கே செல்லாது.

பெயரைச் சேர்க்கவில்லையே என்போரும் உளர். ஒருவர் இரவில் உறங்கும் வீடும் ஐவேளை செல்லும் பள்ளிவாசலும் தெரிந்தபின் பெயர் எதற்கு? ‘சம்மதம்’ என்று பொத்தானை அழுத்தினீர்களே என்பர். வாங்குபவன் யாரென்று மறைத்துப் பெற்றது என்ன சம்மதம்?