புள்ளிக் கணக்கு

"அம்மா, இந்த பிஸ்கட் இரண்டு பொட்டலம் எடுத்தால் நூறு பாயிண்டு!" என்றாள் என் பெண்.

போன வருஷம் அவளுடைய பிரசவத்துக்காக லண்டன் போயிருந்தேன். சனிக்கிழமை தோறும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வாரச் சாமான் வாங்கப் போவது எங்கள் வழக்கம்.

"யாரடி இதைத் தின்னப் போகிறார்கள்?"

"பாயிண்டு வருகிறதே, அம்மா!"

பிஸ்கட் மூன்று பவுண்டு. அந்தக் கடையில் நூறு பாயிண்டுக்கு மதிப்பு ஒரு பவுண்டு. மூன்று கொடுத்து ஒன்று வாங்குவதை என் மாமியார் சாமர்த்தியம் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்! ஆனாலும் பெண்ணைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. லீவில் இருந்ததால் சம்பளம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மாப்பிள்ளையிடம் கேட்காமல் செலவு செய்ய அவளுக்கென்று மிஞ்சியது அந்தப் பாயிண்டுகள்தான்.

அன்று இரவு நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தோம்.

டெஸ்கோவின் கிளப்கார்டில் பவுண்டுக்கு ஒரு பாயிண்டு. ஒரு பாயிண்டு ஒரு பென்னி. 150 சேர்ந்தால் ஒன்றரைப் பவுண்டுக்குச் சீட்டு. செயின்ஸ்பரியின் நெக்டாரிலும் பவுண்டுக்கு ஒரு பாயிண்டுதான். ஆனால் 500 சேர்ந்தால் கிடைப்பது இரண்டரைப் பவுண்டு. அதாவது பாயிண்டுக்கு அரைப் பென்னி. பெயர் ஒன்று, எடை பாதி! வாரம் 80 பவுண்டுக்குச் சாமான் வாங்குகிறவளுக்கு வருஷ முடிவில் முதல் கார்டில் 41 பவுண்டு 60 பென்ஸ். இரண்டாவதில் 20 பவுண்டு 80. முதல் சீட்டையே ஹோட்டல், சுற்றுலா போன்ற கூட்டாளிக் கம்பெனிகளிடம் கொடுத்தால் இரட்டை மதிப்பு உண்டு. எப்படியும் அங்கே போகப் போகிறவர்களுக்குத்தான் அது லாபம்.

இன்னொரு வேடிக்கை. பிறந்த குழந்தைக்கான பால் மாவுக்குப் பாயிண்டே விழாது. தாய்ப்பாலுக்குப் போட்டியாகச் சலுகை காட்டி விற்கக்கூடாது என்று அங்கே சட்டம். நல்ல சட்டந்தான், ஆனால் அந்த மாதங்களில் எங்கள் பில்லில் பெரிய தொகையே பால் மாவுதான்!

கடைக்காரர் ஏன் இப்படி வாரி வழங்க வேண்டும்? பழைய நாளில் காரணம் வேறு. 1844ல் ராச்டேல் ஊரில் நெசவாளர் முதலான தொழிலாளிகள் கூடி, வெண்ணெய், சர்க்கரை, மாவு என்று நாலைந்து சாமானோடு ஒரு கடை வைத்தார்கள். வாங்கின அளவுக்கு லாபத்தில் பங்கு. அங்கத்தினர் எண்ணை ஆயுள் முழுவதும் மறக்காத இங்கிலீஷ் பாட்டிமார் உண்டு. 1904ல் நம் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலையும் அந்த வம்சந்தான்.

இன்றைய கார்டு அந்த வம்சமல்ல. கடையே அங்கத்தினருடையது என்ற பேச்சு இதில் கிடையாது. 1995ல் கிளப்கார்டு நாடெங்கும் வருமுன் அதைப் பரீட்சை பார்த்தபோது, 30 வருஷத்தில் தான் அறியாததை மூன்று மாதத்தில் நீங்கள் அறிந்துவிட்டீர்களே என்று கம்பெனித் தலைவர் வியந்தாராம். நீங்கள் எந்தக் கிழமை என்ன வாங்குகிறீர்கள் என்பதற்குக் கடை கொடுக்கிற கூலி அந்தப் பென்னி. சும்மா இருந்துவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. ஒரே சாமானுக்குக் கார்டு உள்ளவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்குக் கூடுதல் விலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நோட்டைப் புரட்டியதில் வேறொன்று தெரிந்தது. மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வரும் வழியில் பாலும் ரொட்டியும் வாங்கித் தனிக் கார்டில் போட்டுவந்தார். அதையும் அவள் கணக்கிலேயே சேர்த்தோம். அரிசி, எண்ணெய், சோப்புக்குக் கூடுதல் பாயிண்டு வரும் வாரத்தில் மட்டும் இரண்டு மாதத்துக்கு வாங்கிக்கொண்டோம். மேஜை அறையைக் குடைந்தால் ஒன்பது பவுண்டுச் சீட்டுகள்! அத்தனையும் தவணை கடந்தவை. என் பெண்ணுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அன்றிலிருந்து சீட்டு வந்ததும் கடைசித் தேதியைக் காலண்டரில் சிவப்பு மசியால் எழுதி வைக்கிறாள்.

நான் ஊர் திரும்புவதற்கு முன் வந்த சீட்டுக்குக் குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கினாள், மாப்பிள்ளையைக் கேட்கவில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்று தீர்த்தவள் நான்தான். சுமாராகத்தான் இருந்தது.