மண் அட்டையில் குரோமியம் எங்கே?



வீட்டில் கிடக்கிற மண்வள அட்டையை எடுத்துப் பாருங்க. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். அதில் 12 சோதனை. தழை, மணி, சாம்பல் சத்து இருக்கும். துத்தநாகம், இரும்பு, தாமிரம் இருக்கும். குரோமியம்? இல்லை. ஈயம், காட்மியம்? இல்லவே இல்லை. பாலாற்றுக் கரையில் பயிர் வைக்கிற நமக்கு எது தெரியணுமோ, அது மட்டும் கிடையாது!

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு பல பத்தாண்டுகளாக ஏரியிலும் ஆற்றிலும் கலந்தது ஊரறிந்த சேதி. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல்!

தண்ணியில் உப்பு ஏறினா நாக்கு சொல்லிடும். குரோமியம் அப்படியில்லை. குடிதண்ணீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அந்த அளவை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? அதிலும் ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணியில் சுலபமாகக் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். பயிரில் குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும். காட்மியமோ கீரைக்கும் தானியத்துக்கும் ஏறிவிடும். ஆகவே மண்ணை மட்டும் பார்த்தால் போதாது, விளைச்சலையும் பார்க்கணும்.

"சோதனை பண்ணி ஊர் பேரு கெட்டுட்டா வியாபாரி நெல்லை வாங்குவானா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனா அந்த நெல்லை முதலில் பொங்கித் தின்பது யார்? நம்ம பிள்ளைங்கதானே!

கெடுத்தவனே ஈடு கட்டணும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-ல் பாதிக்கப்பட்டவர் என்று கணக்கெடுத்தது 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை. இழப்பீடு கொடு, கெடுத்தவரிடம் வசூல் செய் என்று 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் உங்க நிலம் சேரணும்னா கையில் காகிதம் வேணும். காகிதம் இல்லாதவன் பேச்சு அம்பலம் ஏறாது!

நாம் கேட்பது:

1. பாலாற்றுப் படுகையில் ஒவ்வொரு ஊராட்சியிலும் மண், கிணற்று நீர், நெல், கீரை ஆகியவற்றில் கன உலோகச் சோதனை ஆண்டுதோறும் இலவசமாக நடக்கணும்.
2. மாதிரி எடுக்கும்போது விவசாயி கூட இருக்கணும்.
3. முடிவைத் தமிழில் ஊராட்சிப் பலகையில் ஒட்டணும்.
4. கெட்டுப்போன நிலத்துக்கு இழப்பீடும், சீர்செய்யும் செலவும் கெடுத்தவர் தரணும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். இதுவரை எடுத்த சோதனை முடிவுகளை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவருக்குச் சங்கம் எழுதித் தரும்.

மண் நம்முடையது. அதில் என்ன கலந்திருக்கு என்ற கணக்கும் நமக்கு வேணும். திரண்டு வாருங்கள்!