அட்டவணைக்குள் அடங்காத வொர்க்கிங் டைட்டில்

பிரிட்டனில் ஏ லெவல் ஊடகவியலும் திரைப்படவியலும் பயிலும் மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாக எடுத்துக்காட்டாக விளங்கிவரும் நிறுவனம் வொர்க்கிங் டைட்டில். அதைக் குறித்துத் தேர்வுக்கெனத் தயாரிக்கப்பட்ட குறிப்புகள் சிலவற்றை அண்மையில் வாசிக்க நேர்ந்தது. உரிமையாளர், செலவு, வசூல், இலக்குப் பார்வையாளர் என நான்கு கட்டங்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. படங்களைத்தான் காணோம்.

'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' (1985) பற்றி அவை சொல்வதெல்லாம் குறைந்த செலவு, சேனல் 4 நிதி என்பதே. தாட்சர் ஆட்சிக்கால லண்டனில் சலவையகம் நடத்தும் பாகிஸ்தானிய வம்சாவளி இளைஞன். அவன் காதலனோ முன்பு இனவெறிக் கும்பலோடு திரிந்த வெள்ளையன். ஹனிஃப் குரைஷி எழுத, ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் அதைத் தொலைக்காட்சிக்காக 16 மி.மீ. படச்சுருளில் எடுத்தார். 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய சேனல் 4க்குப் பிற அலைவரிசைகள் பொருட்படுத்தாத பார்வையாளர்களை நாடவேண்டிய கடமை சட்டப்படியே இருந்தது. முதல் வார வசூலை நம்பியிராத பணம் அது. அதனால்தான் அக்காதலை யாரிடமும் மன்னிப்புக் கோராத தொனியில் எழுத முடிந்தது என்று நினைக்கிறேன். 'செலவு' என்ற கட்டமும் திரையில் நிகழும் முத்தமும் ஒரே செய்தியின் இரு பக்கங்கள். குறிப்புகள் அவற்றைப் பிரித்துவிடுகின்றன.

'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்' (1994) இன்னும் வேடிக்கையானது. ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டில் எடுக்கப்பட்ட படத்தில் இத்தனை சீமான்களும் சீமாட்டிகளும் எங்கிருந்து வந்தார்கள்? துணைநடிகர்கள் தங்கள் சொந்தத் திருமண உடைகளையே அணிந்து வந்தார்கள். அத்தகையோரைத் திரட்டித் தந்ததற்காக 'பிரபுகுல ஒருங்கிணைப்பாளர்' என்று படத்தின் பெயர்ப்பட்டியலில் இடம்பெற்ற ஆம்பர் ரட், 2016இல் பிரிட்டனின் உள்துறை அமைச்சரானார். சிக்கனம் மேட்டுக்குடியைத் திரைக்கு அழைத்து வந்த கதை இது. அப்படம் அமெரிக்காவில் முதலில் வெளியாகி, வெற்றிச் செய்தியோடுதான் தாய்நாடு திரும்பியது. உலகம் விரும்பிய இங்கிலாந்து எது என்பது அன்று முடிவாகிவிட்டது. 'நாட்டிங் ஹில்' (1999) அதன் தொடர்ச்சி.

'இது பிரிட்டிஷ் நிறுவனம்தானா?' என்பது மாணவர்கள் எதிர்பார்த்துத் தயாராகும் வினா. 1998இல் தாய் நிறுவனமான பாலிகிராமை, யுனிவர்சலின் அப்போதைய உரிமையாளரான சீக்ராம் வாங்கியதைச் சொன்னால் மதிப்பெண் உறுதி. ஆனால் கைமாறிய பின்னர்தான் 'பில்லி எலியட்' (2000) வந்தது. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் நடுவே பாலே பயிலும் சிறுவனின் கதை. ஹாலிவுட் பணம் வந்தால் உள்ளூர் மண் மறைந்துவிடும் என்ற சூத்திரத்துக்கு அது மசிவதில்லை. மசியாத இடத்தில்தான் மாணவன் யோசிக்கத் தொடங்குவான். குறிப்புகளோ அங்கே 'கலப்பு உதாரணம்' என்று எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குத் தாவுகின்றன.

'லாண்ட்ரெட்' ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடுகிறது. அட்டவணையை மூன்றாம் முறை உருப்போடுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும்.