மூலம் என்று யார் பார்த்துச் சொன்னது?

மலத்தோடு ரத்தம் போகிறது என்று ஒருவர் வாய் திறந்து சொன்னால் போதும், சுற்றியிருக்கிற அத்தனை பேருக்கும் காரணம் தெரிந்துவிடுகிறது. "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்கிறார் ஒருவர். "காரத்தைக் குறை" என்கிறார் இன்னொருவர். துத்தி இலையை வதக்கிச் சாப்பிடச் சொல்கிறார் பெரியம்மா. கருணைக்கிழங்கு லேகியத்தோடு வந்து நிற்கிறார் மாமா. மருந்துக்கடையில் "அண்ணே, மூலத்துக்கு ஏதாவது குடுங்க" என்றால், அவரும் மறுகேள்வி கேட்காமல் களிம்பும் மாத்திரையும் எடுத்துத் தருகிறார். இத்தனை பேரில் ஒருவர்கூட அந்த இடத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லாரும் சேர்ந்து மூலம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். என் வயிறு எரிவது இங்கேதான்.

என் சித்தப்பாவுக்கு இப்படித்தான் நடந்தது. ரத்தம் பட ஆரம்பித்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. முதலில் லேகியம். அப்புறம் களிம்பு. அப்புறம், 'மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் போன ஒரு கிளினிக். கடைசியாகப் படித்த மருத்துவர் ஒருவரிடமும் போனார். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே கேட்டார், எழுதிக் கொடுத்தார். கையுறை மாட்டி, விரல் விட்டுப் பரிசோதித்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கட்டி விரலுக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது என்று பிறகு அறுவை சிகிச்சை நிபுணர் சொன்னார். அதற்குள் அது கல்லீரல்வரை போய்விட்டிருந்தது.

ரத்தம் போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் காரணம் என்பது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று யார் சொன்னது? இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம். வெளியே தெரிகிற மூலத்துக்கு வைத்தியம் நடக்கும். உள்ளே இருப்பது வளர்ந்துகொண்டே இருக்கும். பார்த்துவிட்டு மூலம் என்று சொன்னால் நிம்மதியாகக் கேட்டுக்கொள்வேன். பார்க்காமல் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆதங்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல புற்றுநோய்கள் நமக்கு அவகாசம் தருவதில்லை. பெருங்குடல் புற்றுநோய் தருகிறது. பெரும்பாலும் அது குடலின் உட்சுவரில் பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்பும் புற்றுநோய் ஆவதில்லை. ஆகிறவற்றுக்கும் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பிடிக்கின்றன. அந்தப் பத்து ஆண்டுக்குள் எப்போது கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பார்க்கிற பரிசோதனை, செய்தாலும் கண்ணால் பார்த்து, அதே குழாய் வழியாகக் கம்பி வளையம் விட்டு வெட்டி எடுத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃப் என்ற இரு மருத்துவர்கள் 1969-லேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். நோயைக் கண்டுபிடிப்பது மட்டுமல்ல, வராமலே தடுக்கிற பரிசோதனை இது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கையில் இருக்கிற வழியை விட்டுவிட்டு லேகிய டப்பாவைத் திறந்துகொண்டிருக்கிறோமே!

ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. குடலின் வலது பக்கத்தில் கட்டி இருந்தால் ரத்தம் துளித்துளியாகக் கசிந்து மலத்தோடு கலந்துவிடும், வெளியே தெரியாது. ஆள் சோர்ந்துபோவார், படி ஏறினால் மூச்சு வாங்கும், ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். "ரத்தசோகை, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க" என்று இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கும் மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கும் இரும்புச்சத்து ஏன் குறைய வேண்டும், ரத்தம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டாமா? இதுநாள்வரை இல்லாமல் திடீரென்று மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவது, போய்விட்டு வந்த பின்னும் முழுசாகப் போகாத மாதிரி இருப்பது, காரணமில்லாமல் எடை இறங்குவது என எதைச் சொன்னாலும் "கேஸ் டிரபிள்" என்ற ஒரே பதில்தான்.

ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு செய்கிற மாஸ்டர் செக்கப்பிலாவது குடலைப் பார்க்கிற சோதனை இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி., வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுக்கிறார்கள். வயிற்று ஸ்கேனில் குடலுக்குள் இருக்கிற சின்னப் பாலிப் தெரியாது. ஆனால் ஸ்கேன் நார்மல் என்று படித்ததும், வயிற்றில் ஒன்றுமே இல்லை என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறோம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான். அதை யாரும் கேட்பதும் இல்லை, எழுதிக் கொடுப்பதும் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: அந்தச் சோதனை, தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு. ரத்தம் போவது கண்ணுக்கே தெரிகிறவர்கள் அதில் நாளைக் கடத்தாமல் நேராக மருத்துவரிடம் போய் உள்ளே பார்க்கச் சொல்ல வேண்டும்.

அப்புறம் இந்தக் கூச்சம். குழந்தை வெளிக்குப் போனதா, என்ன நிறத்தில் போனது என்று நாலு பேர் நடுவில் பேசுகிறோம். அதே குழந்தை வளர்ந்து ஆளாகிவிட்டால் அது பேசக் கூடாத விஷயமாகிவிடுகிறது. பெண்களின் நிலைமை இன்னும் மோசம். புருஷனிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார்கள். கொலோனோஸ்கோப்பி என்றதும் பயம் வேறு. முதல் நாள் நீர் ஆகாரம், குடலைச் சுத்தம் செய்ய ஒரு மருந்துக் கரைசல், அதனால் பலமுறை கழிவறைக்கு ஓட்டம்: கஷ்டம் இவ்வளவுதான். மறுநாள் மயக்க ஊசி போட்டுத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். அரை மணி, முக்கால் மணியில் முடிந்து அன்றைக்கே வீடு திரும்பலாம். எதுவும் இல்லையென்றால், குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாதவர்கள் அடுத்த பத்து ஆண்டுக்கு நிம்மதியாக இருக்கலாம்.

குடும்பத்தில் வந்திருந்தால் கணக்கு வேறு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னால், எது முந்தியதோ அப்போதே பரிசோதனையைத் தொடங்க வேண்டும். சித்தப்பாவுக்கு 48 வயதில் தெரிந்தது. அவர் மகன் 38-லேயே பார்த்திருக்க வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே அக்கா" என்கிறான். ஒன்றும் இல்லாதபோதே பார்த்துவிடுவதற்காகத்தானப்பா இந்தப் பரிசோதனையே!

ஜப்பானில் 1992 முதல் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கென்று அரசுத் திட்டம் இருக்கிறது. பிரிட்டனில் ஐம்பதைத் தாண்டியவர்கள் வீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைப் பெட்டி தபாலிலேயே வருகிறது; அங்கே இருக்கிற நம் சொந்தக்காரர்களுக்கும் வருகிறது. அமெரிக்காவில் இளம் வயதினருக்கு அதிகம் வரத் தொடங்கியதும் 2021-ல் பரிசோதனையின் தொடக்க வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். நம் நாட்டில் இந்தப் புற்றுநோய் அந்த நாடுகளைவிடக் குறைவுதான். அதனால் எல்லாருக்கும் கொலோனோஸ்கோப்பி செய்யுங்கள் என்று அரசைக் கேட்கவில்லை. ஆனால் இங்கே வருகிறவர்களில் பலர் முற்றிய பிறகே வருகிறார்கள், இளவயதினரும் நிறையப் பேர். வாய், மார்பகம், கருப்பை வாய் என்று மூன்று புற்றுநோய்களுக்கு முப்பது வயதிலிருந்தே பரிசோதிக்கும் தேசியத் திட்டத்தில் குடலுக்கு இடமில்லை.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் தொடங்கியதிலிருந்து பணியாளர்கள் வீடு வீடாக வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். நல்ல காரியம். அவர்கள் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும்: மலத்தில் ரத்தம் போகிறதா? வீட்டில் யாருக்காவது குடலில் புற்றுநோய் வந்ததா? ஆமாம் என்கிறவரின் பெயரைக் குறித்து, இரைப்பை குடல் பிரிவு இருக்கிற அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். மூலம் என்று வருகிற ஒவ்வொருவரையும் ஒரு முறையாவது கைவைத்துப் பரிசோதிக்காமல் மருந்து எழுதுவதில்லை என்று மருத்துவர்கள் உறுதி எடுக்கட்டும். இதற்குப் புது இயந்திரமும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். முற்றிய பிறகு காப்பீட்டு அட்டையில் லட்சக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருக்கிற அரசும் நாமும், முன்கூட்டியே ஒரு நிமிடம் செலவழிக்க ஏன் இப்படி யோசிக்கிறோம்?