செவியும் நாவும்

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவு ஒன்றின்மீது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய வானொலித் தொலைநோக்கி ஒன்று விளங்குகின்றது. கோவிந்த் சுவரூப் என்னும் அறிஞரின் தலைமையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970ஆம் ஆண்டில் இதனை அமைத்து முடித்தனர். அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. சரிவின் சாய்வும் ஏறத்தாழ அவ்வளவே. ஆதலின் கருவியின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. அவ்வோர் அச்சில் மெல்லத் திருப்பியே, ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்திற்கு மேலும் தொடர்ந்து நோக்க இயல்கின்றது. இயற்கையின் சாய்வையே துணையாகக் கொண்ட இந்நுண்ணறிவு நம்மவர் ஆற்றலுக்குச் சான்றன்றோ?

எனினும் இக்கருவி செவியே, நாவன்று. விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளை இது கேட்கும். தானாக ஒன்றையும் வினவாது. கதிரவனைச் சுற்றிவரும் சிறுகோள்களோ குளிர்ந்த பாறைகள். அவற்றை நன்கறிய வேண்டின், நாமே வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவும் கருவியே ரேடார்.

ரேடார் வலிய அலைகளை விடுத்து, சிறுகோளில் பட்டு மீளும் எதிரொலியைக் கேட்கின்றது. அது மீளும் காலம் தொலைவை உணர்த்தும். அலையின் அதிர்வெண் மாற்றம் சுழற்சியைக் காட்டும். எதிரொலியின் வன்மை, மேற்பரப்பு உலோகம் செறிந்ததோ புழுதி படிந்ததோ என்பதை உய்த்துணரச் செய்யும். பென்னு என்னும் சிறுகோள் பம்பரம் போன்ற வடிவினது என்பதை 1999, 2005ஆம் ஆண்டுகளின் ரேடார் ஆய்வுகள் புலப்படுத்தின. 2018இல் விண்கலம் அருகே சென்று கண்டபொழுது, அவ்வடிவமே மெய்யாயிற்று.

“எங்கோ கிடக்கும் கல்லை ஆராய்வதால் வரும் பயன் யாது?” எனச் சிலர் வினவுவர். 2004இல் கண்டறியப்பட்ட அப்போஃபிஸ் என்னும் சிறுகோள், பிற்காலத்தில் பூமியைத் தாக்குமோ என்ற அச்சம் நிலவியது. 2021 மார்ச்சில் நிகழ்ந்த ரேடார் ஆய்வு, குறைந்தது நூறாண்டுகளுக்கு அவ்வச்சம் இல்லை என உறுதிப்படுத்திற்று. 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும். அந்நாளை நாம் அச்சமின்றி எதிர்நோக்குவது, முன்னரே வினவி அறிந்தமையால் அன்றோ? உயிர்களைக் காக்கும் அறிவைப் பயனற்றது என்பது பொருந்தாது.

இத்தகைய பணிக்குரிய கருவிகள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் தலைசிறந்ததாய்ப் போர்ட்டோ ரிக்கோவில் விளங்கிய 305 மீட்டர் விட்டமுடைய அரெசிபோ கருவி, 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து வீழ்ந்தது. உலகனைத்திற்கும் பொதுவான காவலை ஓரிரு நாடுகளிடமே விட்டுவிடுதல் முறையன்று. நீலமலையில் செவியை அமைத்த நம் நாடு, சிறுகோள்களை வினவும் நாவையும் அமைத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவர்களே! கேட்டறிதல் நன்று, துணிந்து வினவி அறிதல் அதனினும் நன்று. இப்பணி உங்கள் தலைமுறையை எதிர்நோக்கி நிற்கின்றது.