கியூவைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதா?

கையில் ஏழு எழுத்துக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று "கியூ". "யூ" இல்லை. ஆட்டம் முடியப்போகிறது. என்ன செய்வது?

"ஸ்கிராபிள்" ஆடுகிறவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியும். கையில் உள்ள எழுத்துக்களைக் கொண்டு ஆங்கில வார்த்தை அமைக்கும் ஆட்டம் அது. ஆங்கிலத்தில் கியூ வந்தால், பெரும்பாலும் அதன் பின்னாலேயே யூ வரும். பசுவின் பின்னால் கன்று வருவது போல! கன்று இல்லாத பசுவை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?

இப்போது இதற்குச் சுலபமான வழி வந்துவிட்டது. செல்போனை எடுக்கிறார்கள். ஏழு எழுத்துக்களையும் தட்டுகிறார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வார்த்தைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பையன் அதில் ஒன்றை எடுத்து வைக்கிறான். அப்பாவுக்கு ஒரே பெருமை! "என் பிள்ளைக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரிகிறது, பாருங்கள்" என்கிறார்.

பிள்ளைக்குத் தெரியாது, ஐயா! செல்போனுக்குத்தான் தெரியும்.

வயிற்றெரிச்சலில் நான் இதைச் சொல்லவில்லை. இந்த ஆட்டம் பிறந்த கதையைக் கேளுங்கள்.

வேலை போனவர் செய்த வேலை

அமெரிக்காவில், நியூயார்க் நகரில் ஆல்பிரட் பட்ஸ் என்று ஒருவர் இருந்தார். கட்டிடங்களுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில். 1929-ம் ஆண்டில் அந்த நாட்டின் பங்குச் சந்தை சரிந்தது. தொடர்ந்து பெரும் பொருளாதார மந்தம் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். பட்சுக்கும் வேலை போயிற்று.

வீட்டில் சும்மா இருக்க அவருக்கு மனம் வரவில்லை. பத்திரிகையை விரித்து வைத்தார். படிப்பதற்காக அல்ல, எண்ணுவதற்காக! எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணினார். "இ" தான் அதிகம் வந்தது. கியூவும், "இசட்"டும் எப்போதாவதுதான் தலைகாட்டின.

அந்தக் கணக்குத்தான் ஆட்டத்துக்கு உயிர். மொத்தம் 100 சின்னக் கட்டைகள். அவற்றில் 12 கட்டைகளில் "இ" இருக்கும். ஆனால் அதற்கு 1 மதிப்பெண்தான். கியூ ஒன்றே ஒன்று. அதற்கு 10 மதிப்பெண். இசட்டுக்கும் அப்படியே. தக்காளி வரத்து குறைந்தால் விலை ஏறுகிறது அல்லவா? அதே கதைதான்.

"எஸ்" விஷயத்தில் மட்டும் பட்ஸ் கை இறுக்கம் காட்டினார். 4 கட்டைகள்தான் வைத்தார். காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பல பெயர்களோடு ஒரு எஸ்ஸை ஒட்டினால் போதும், பன்மை ஆகிவிடும். எஸ் நிறைய இருந்தால் ஆட்டம் சப்பென்று போய்விடும்!

இந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள விளையாட்டுச் சாமான் கம்பெனிகள் மறுத்துவிட்டன. 1948-ம் ஆண்டில் ஜேம்ஸ் புருனோ என்பவர் முன்வந்தார். அவர் காலத்தில்தான் "ஸ்கிராபிள்" என்ற பெயர் வந்தது. பிறகு அது உலகம் முழுவதும் பரவியது.

இதில் ஒரு வேடிக்கை. பட்சுக்கு ஸ்பெல்லிங் அவ்வளவாக வராதாம்! எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் வெட்கப்படத் தேவையே இல்லை.

பிரெஞ்சு தெரியாத சாம்பியன்

"வார்த்தை கிடைத்தால் போதாதா? அர்த்தம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் பக்கம் பேச ஒரு பெரிய சாட்சி உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ். 2015-ம் ஆண்டில் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் இவர் வெற்றி பெற்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது! அகராதியில் உள்ள வார்த்தைகளை மனப்பாடம் செய்தே ஜெயித்தார். 2024-ம் ஆண்டில் ஸ்பானிஷ் மொழிப் போட்டியிலும் அதே அதிசயத்தைச் செய்தார்.

அவர் ஞாபக சக்திக்கு ஒரு கும்பிடு. ஆனால் அவருக்கே பிரெஞ்சு வரவில்லை. அப்படியானால், மனப்பாடம்கூடச் செய்யாமல் செல்போனைத் தட்டும் பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படி வரும்?

அதற்காக செல்போனைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டச் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு கேட்கட்டும். "அடடா, இந்த வார்த்தை என் கையிலேயே இருந்ததே!" என்று வருந்தட்டும். அப்படி வருந்திப் படித்த வார்த்தை மறக்காது.

வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். அர்த்தம் சொல்லாத வார்த்தைக்கு மதிப்பெண் கிடையாது. அம்மா இப்போதுதான் ஆங்கில எழுத்து கற்கிறாரா? அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டைகள் வேண்டாம். கடைப் பலகையும் பஸ் பலகையும் போதும். "கே" எழுத்து எந்த வார்த்தையில் இருக்கிறது என்று அவர் தேடட்டும். "நைட்" என்றால் இரவு. அதன் முன்னால் ஒரு கே போட்டாலும் "நைட்" தான். ஆனால் அர்த்தம் குதிரை வீரன்! இந்த மாதிரி வார்த்தையை மகனும் அம்மாவும் சேர்ந்து கண்டுபிடித்தால் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமா?

சரி, யூ இல்லாத அந்தக் கியூவை என்ன செய்வது? உங்களிடம் "ஐ" இருக்கிறதா? கியூவுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டே எழுத்து. "ச்சீ" என்று சொல்லவேண்டும். யாரையும் திட்டவில்லை! அது சீன மொழியிலிருந்து வந்த வார்த்தை. உடம்பில் ஓடும் உயிர்ச்சக்தி என்று அர்த்தம். 2006-ம் ஆண்டில் அமெரிக்க ஆட்டக்காரர்களின் பட்டியலில் சேர்த்தார்கள். கியூவுக்கு 10, ஐக்கு 1. எழுதிக்கொள்ளுங்கள், 11 மதிப்பெண்!